வாழையிலையில் பொதிந்த மாவுக்கட்டு

ஈரச் சுவரில் சுண்ணாம்பு அடித்தால் ஒரு வாசனை வருமே, அதுதான் என் வலது கைக்கு வாரக்கணக்கில் இருந்தது. கட்டுப் போட்ட அன்று அது சுட்டது என்று சொன்னால் இன்றைக்கும் பலர் நம்புவதில்லை; சில்லென்று குழம்பாகப் பூசியது, இறுக இறுகத் தானாகவே வெந்நீர்ச் செம்பு மாதிரி சூடேறி, பிறகு ஆறிக் கல்லாகிப்போனது. "மாவுக்கட்டு" என்று அதற்குப் பெயர்.

எழுபதுகளின் தொடக்கம். எனக்கு ஒன்பது வயது. திருவள்ளூர்க் கோயில் குளத்துப் படிக்கட்டில் ஓடக் கூடாது என்று ஊரே சொல்லியிருந்தும், ஓடித்தான் பார்ப்போமே என்று மார்கழிக் கடைசியில் ஒரு நாள் ஓடி, பாசியில் வழுக்கி, முழங்கைக்கும் மணிக்கட்டுக்கும் நடுவே எலும்பை முறித்துக்கொண்டேன். ஆஸ்பத்திரியில் கட்டுப் போட்ட மீசை நரைத்த கம்பவுண்டர், அப்பாவிடம் ஒரே விஷயத்தை மூன்று தடவை சொன்னார்: "தண்ணி மட்டும் படவே கூடாது சாமி. ஊறிச்சின்னா கட்டு இளகிப்பூடும், எலும்பு கோணிக்கினு சேந்துடும். பொம்பளப் புள்ள, அப்புறம் பேஜாரு." அந்தப் "பொம்பளப் புள்ள"யின் பொருள் எனக்குப் புரியவில்லை. அம்மாவுக்கு உடனே புரிந்துவிட்டது. அங்கேயே கண்ணை மூடிக்கொண்டு, கை நேராகச் சேரட்டும், தை அமாவாசைக்கு இவளைக் குளத்தில் முழுக்காட்டி, இவள் கையாலேயே வெல்லம் கரைக்கிறேன் என்று பெருமாளிடம் வேண்டிக்கொண்டாள். உடம்புக்கு வந்தது எதுவானாலும் அந்தக் குளத்தில் வெல்லம் கரைத்தால் கரைந்துபோகும் என்பது எங்கள் ஊர் நம்பிக்கை. தண்ணீரே படக் கூடாது என்ற கட்டுக்குத் தண்ணீரில் முழுக்கு நேர்ந்துகொண்டதை அப்போது யாரும் கவனிக்கவில்லை.

அப்பா கோயில் மடைப்பள்ளியில் தளிகை பண்ணுகிறவர். குளித்து, மடி உடுத்தி உள்ளே போகிறவர் குளிக்காத எதையும் தொடக் கூடாது. தொட்டால் மறுபடி குளிக்க வேண்டும். எங்கள் வீட்டில் மனிதர்கள் குளித்தார்கள், துணி நனைந்தது, பாத்திரம் தேய்க்கப்பட்டது. குளிக்கவே முடியாத ஒரே பொருளாக என் மாவுக்கட்டு வந்து சேர்ந்தது. மடிக்கு ஆகாதது என்று, "விழுப்பு, விழுப்பு" என்பதே அதற்கு நிரந்தரப் பட்டம். ஆகவே அப்பா தினமும் என்னிடமிருந்து இரண்டு முழம் தள்ளி, ரேழியிலேயே நின்றுகொண்டு, "விரலை ஆட்டு, பாப்போம்" என்பார். ஆட்டுவேன். தலையசைத்துவிட்டுப் போய்விடுவார். ஓடி விழுந்த கோபம் அவருக்கு இன்னும் தீரவில்லை என்றுதான் நான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

மற்றதெல்லாம் அம்மா. சமையலை முடித்துவிட்டுத்தான் என்னைத் தொடுவாள், தொட்டபின் விடவே மாட்டாள். அப்பாவின் பழைய வேட்டியைக் கிழித்துக் கழுத்தில் தூளி கட்டினாள். தூங்கும்போது கைக்கு மட்டும் தனியாக ஒரு தலையணை. அரிப்பு என்றால் அப்படி இப்படி அரிப்பில்லை. துடைப்பத்திலிருந்து ஈர்க்குச்சி ஒன்றை உருவி நான் உள்ளே விட்டுச் சொறிந்ததைப் பார்த்து, பிடுங்கி எறிந்துவிட்டு, அடுப்பு ஊதும் ஊதுகுழலை எடுத்து வந்து, கட்டின் வாயில் வைத்து உஸ்ஸென்று ஊதினாள். அந்தக் காற்று முழங்கை வரைக்கும் போன சுகத்தை எந்தச் சொர்க்கத்துக்கும் மாற்ற மாட்டேன். நான் சர்க்கரைப் பொங்கல் தின்று சிந்தியதில் எறும்பு உள்ளே புகுந்த அன்று, மூச்சு வாங்க வாங்க அரைமணி நேரம் ஊதினாள், பாவம்.

தை அமாவாசை வந்தது. கட்டுப் போட்டு மூன்று வாரம்கூட ஆகவில்லை. "கட்டுப் பிரிச்சப்புறம் பண்ணிக்கலாமே" என்று அப்பா சொல்லிவிட்டு, விடியுமுன் மடைப்பள்ளிக்குப் போய்விட்டார். அம்மாவுக்கு மனசு ஒப்பவில்லை. சொன்ன நாளில் செய்யாவிட்டால் கை கோணிவிடுமோ என்ற பயம் அவளை அரித்துக்கொண்டிருந்தது. கையைத் தூக்கிக்கொண்டு முழுகிவிடலாம், ஆனால் இடது கையால் வெல்லம் கரைக்க முடியுமா? எனவே வாழையிலையைத் தணலில் வாட்டி, மூன்று சுற்றுச் சுற்றி, வெளியூர் போகிறவர்களுக்குப் புளியோதரை கட்டிக் கொடுப்பது போலவே என் கையைப் பொதிந்து, நாரால் இறுக்கிக் கட்டினாள். விரல் நுனி மட்டும் வெளியே. அவள் கட்டிய பொட்டலத்திலிருந்து எண்ணெய் ஒரு சொட்டு ஒழுகியதாகச் சரித்திரமே கிடையாது. உள்ளே இருப்பது வெளியே வராது, சரி. வெளியே இருப்பது உள்ளே வராதென்று யார் சொன்னார்கள்?

மூன்று முழுக்கு. வலது கையைத் தண்ணீருக்குள் நீட்டி, வெல்லக் கட்டி கரையும்வரை பிடித்துக்கொண்டு நின்றேன். கரையேறி நாரை அவிழ்த்தபோது இலைக்குள்ளிருந்து வெள்ளையாக நீர் கொட்டியது. கட்டு களிமண்ணாகக் குழைந்திருந்தது. அம்மா போட்ட சத்தத்தில் யாரோ ஓடிப்போய் அப்பாவிடம் சொல்லியிருக்க வேண்டும். தளிகை பாதியில் இருக்க, மடி வேட்டியோடு அவர் படியிறங்கி ஓடி வந்தார்.

"அப்பா, தொடாதேங்கோ! விழுப்பு!" என்று கத்தினேன்.

அவர் படியில் உட்கார்ந்து, என் கையை அப்படியே இரண்டு கைகளாலும் ஏந்திக்கொண்டார். "பெருமாளுக்கு இன்னிக்கு வேற யாராவது பண்ணுவா. நீ விரலை ஆட்டு."

ஆட்டினேன். அழுதுகொண்டே ஆட்டினேன். அவருக்குக் கோபமே இருந்ததில்லை என்பது அப்போதுதான் தெரிந்தது.

அமாவாசைக் கூட்டத்தைப் பிளந்துகொண்டு ஜட்கா ஆஸ்பத்திரிக்கு ஊர்ந்தது. பள்ளத்தில் வண்டி குலுங்கும்போதெல்லாம் அப்பாவின் உடம்பு குலுங்கியது, பிடித்திருந்த கைகள் குலுங்கவில்லை. அங்கே காத்திருந்த நேரம் முழுவதும் பிடியைத் தளர்த்தவில்லை, மூக்கைக்கூடச் சொறியவில்லை. "நான்தான் குளத்துல எறக்கினேன், நான்தான்" என்று அம்மா எதிரில் நின்று அழுதாள். கம்பவுண்டர் தலையில் அடித்துக்கொண்டார். "படிச்சி படிச்சி சொன்னேனே, இன்னாம்மா நீ!" பிறகு ஊறிய கட்டை வெட்டி, எலும்பைத் தடவித் தடவிப் பார்த்து, "நவுரல சாமி. நீங்க புடிச்சிக்கினு வந்ததுதான் கட்டு. அப்படியே புடிங்க, புதுசு போட்டுர்றேன்" என்றார். புது மாவு சூடேறி இறுகி ஆறும்வரை அப்பா பிடித்துக்கொண்டே இருந்தார். அவர் விரல் பதிந்த பள்ளங்கள், அது பிரியும்வரை அதில் இருந்தன.

கை நேராகத்தான் சேர்ந்தது. ஆனாலும் ஒவ்வொரு தை அமாவாசைக்கும், எனக்குக் கல்யாணமாகிப் பிள்ளைகள் பிறந்த பின்னும், "கை ரெண்டையும் நீட்டுடி" என்று சேர்த்து வைத்துப் பார்க்காமல் அம்மாவுக்குச் சாப்பாடு இறங்காது. அப்பா தள்ளி நின்று, "விரலை ஆட்டு" என்பார், வேடிக்கைக்கு.

பக்கத்து வீட்டுச் சிறுமிக்கு இப்போது நீல நிறத்தில் காற்றாய் லேசான கட்டு. கூட்டாளிகள் பெயரெல்லாம் அதில் எழுதியிருக்கிறது. ஜட்கா போய்விட்டது, ஊதுகுழல் என்றால் அந்தச் சிறுமிக்கு விளக்கிச் சொல்ல வேண்டியிருக்கிறது. அம்மாவும் அப்பாவும் போய் வெகு காலமாகிறது. இந்தத் தை அமாவாசைக்கும் குளத்துக்குப் போனேன். வெல்லம் கரைத்துவிட்டுப் படியில் உட்கார்ந்து, இரண்டு கைகளையும் சேர்த்து நீட்டினேன். யாரும் கேட்கவில்லை, நானே விரலை ஆட்டிப் பார்த்துக்கொண்டேன்.