அப்பாவை விழாமல் பார்த்துக்கொண்ட லட்சணம்

திருவிதாங்கூரும் கொச்சியும் ஒன்றாகி இரண்டு மூன்று வருடம் ஆகியிருந்த சமயம். நான் நாகர்கோவிலில் ஒரு பள்ளிக்கூடத்தில் டிரில் மாஸ்டர். கழுத்தில் விசில், காலில் வெள்ளைக் கான்வாஸ் ஷூ, காக்கி அரைக்கால் சட்டை. மனித உடம்பைப் பற்றி எனக்குத் தெரியாதது எதுவும் இல்லை என்பது என் எண்ணம். அந்த எண்ணத்தோடுதான் எங்கள் அப்பாவைக் கிட்டத்தட்ட முடமாக்கினேன்.

தை மாதம் அப்பா வயலில் வரப்பு வழுக்கி விழுந்தார். அப்போது அவருக்கு அறுபத்தெட்டு வயது. இடது மணிக்கட்டு முறிந்தது, வலது முழங்கால் பானை போல வீங்கியது. மிஷன் ஆஸ்பத்திரியில் மாவுக்கட்டுப் போட்டு இரண்டு வாரம் வைத்திருந்தார்கள். வீட்டுக்கு அனுப்பும்போது, நோயாளிகளை நடக்கப் பழக்கும் நர்சம்மா என்னைத் தனியே கூப்பிட்டு, தினமும் கொஞ்சம் கொஞ்சமாக நடக்க வைக்க வேண்டும், நாற்காலியிலிருந்து கையை ஊன்றாமல் எழுந்து பழக வேண்டும் என்றெல்லாம் விவரமாகச் சொன்னார். நான் தலையை ஆட்டிக்கொண்டே கேட்டேன். டிரில் மாஸ்டருக்கே உடற்பயிற்சி சொல்லித் தருகிறாரே என்று உள்ளுக்குள் சிரித்ததால், சொன்னதில் பாதி காதில் ஏறவில்லை.

வீட்டுக்கு வந்ததும் அப்பாவைக் கட்டிலில் உட்கார வைத்து, இனி கால் தரையில் படக்கூடாது என்று உத்தரவு போட்டேன். கஞ்சி கட்டிலுக்கு வந்தது. வெந்நீர் கட்டிலுக்கு வந்தது. வெற்றிலைச் செல்லத்தைக் கைக்கு எட்டும் தூரத்தில் வைத்தேன். கிணற்றடிக்குப் போக வேண்டுமென்றால் நானும் ஒரு வேலைக்காரரும் ஆளுக்கொரு பக்கம் தூக்கிக்கொண்டு போனோம். இரண்டு எட்டு நடந்து பார்க்கிறேன் என்று அவர் கேட்டபோதெல்லாம் அதட்டி உட்கார வைத்தேன். பார்க்க வந்த சொந்தக்காரர்கள், பிள்ளை என்றால் இப்படி இருக்க வேண்டும் என்று என் காதுபடவே சொன்னார்கள். அது எனக்கு ரொம்பப் பிடித்திருந்தது. யாராவது வரும் சத்தம் கேட்டால் அப்பாவின் தலையணையைச் சரிசெய்யப் போய்விடுவேன்.

சித்திரையில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, நல்ல பகல் வெளிச்சத்தில், சொட்டுத் தண்ணீர் இல்லாத கூடத்தில், என் கண் முன்னாலேயே அப்பா மறுபடியும் விழுந்தார். வழுக்கவும் இல்லை, தடுக்கவும் இல்லை. கட்டிலிலிருந்து எழுந்து நின்றார், கால்கள் மடிந்தன, அவ்வளவுதான். எலும்பு ஏதும் முறியாதது எங்கள் பாக்கியம். தூக்கும்போதுதான் அவருடைய தொடையைக் கவனித்தேன். ஏர் பிடித்து நடந்த தொடை என் கைக்குள் அடங்குவது போல இளைத்துப்போயிருந்தது.

ஆஸ்பத்திரியில் அதே நர்சம்மா, தினமும் எவ்வளவு தூரம் நடக்கிறார் என்று கேட்டார். நான் குனிந்து அப்பாவின் வேட்டியைச் சரிசெய்தேன். அப்பா என்னைக் காட்டிக்கொடுக்கவில்லை. நர்சம்மா என் கழுத்தைப் பார்த்தார். பெருமைக்காக ஞாயிற்றுக்கிழமையும் விசிலைக் கழற்றாமல் திரிகிறவன் நான்.

"சாரே, உங்க பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள மூணு மாசம் பெஞ்சிலயே உக்கார வச்சிட்டு ஓட்டப்பந்தயம் விட்டா என்ன ஆகும்?" என்று கேட்டார்.

"விழுந்திரும்," என்றேன்.

"அப்போ தெரிஞ்சுதான் செய்திருக்கிய," என்றார். கோபமாகச் சொல்லவில்லை. கோபமாகச் சொல்லியிருந்தால் நானும் பதிலுக்கு ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன்.

திரும்பி வரும் வழியில் வண்டிக்குள் அப்பா ஒரே ஒரு விஷயம்தான் கேட்டார். நிறைகதிர் எடுக்க இன்னும் எத்தனை மாதம் இருக்கிறது என்றார். எங்கள் பக்கத்தில் கன்னிப்பூ என்கிற முதல் போக அறுவடைக்கு முன்னால் நல்ல நாள் பார்த்து, முதல் கதிர்க்கட்டை வீட்டுக்கு மூத்தவர் தலையில் சுமந்து, வரப்பு வழியாக நடந்து வந்து வாசலில் கட்டுவார். நாற்பது வருடமாக அப்பாதான் எடுத்துவந்தார். அந்த வருடம் நான் எடுப்பதாகச் சொந்தத்தில் பாதிப் பேரிடம் சொல்லி முடித்திருந்தேன். அதற்கென்று சரிகைக்கரை வேட்டியும் வாங்கி அலமாரியில் வைத்திருந்தேன். அப்பா அதைப் பார்த்திருக்கிறார் என்பது அந்தக் கேள்வியில்தான் எனக்குத் தெரிந்தது. எனக்கு வெட்கமாகப் போயிற்று. ஆவணிக்கு நான்கு மாதம் இருக்கிறது, நீங்களே எடுங்கள் என்றேன்.

மறுநாள் காலையிலிருந்து பயிற்சி. முக்காலியிலிருந்து கை ஊன்றாமல் எழ வேண்டும், உட்கார வேண்டும். ஜன்னல் கம்பியைப் பிடித்துக்கொண்டு ஒற்றைக் காலில் நிற்க வேண்டும். பழக்க தோஷம், முதல் நாளே விசிலை ஊதிவிட்டேன்.

"ஏலே, ஊதாத. நான் ஒனக்க பள்ளிக்கூடத்துப் பயலா?" என்றார் அப்பா. விசிலைக் கழற்றி ஆணியில் மாட்டினேன்.

அடுத்தது, தரையில் கிடக்கும் பொருளைத் தாண்டி நடக்கும் பயிற்சி. கைக்கு அகப்பட்டது உலக்கை. அதைக் கூடத்தின் நடுவில் போட்டு, தாண்டுங்கள் என்றேன். அப்பா தூக்கிய காலை அப்படியே கீழே வைத்துவிட்டார். அடுக்களையிலிருந்து வந்த அம்மா, நெல் குத்தும் உலக்கையை மிதிக்கவும் தாண்டவும் போடுகிறவன் இந்த வீட்டில்தான் பிறந்தானா என்று கேட்டுவிட்டு, அதை எடுத்துக் கண்ணில் ஒற்றிச் சுவரில் சாய்த்தாள். காலேஜ் படித்த எனக்கு இது தோன்றவில்லை. பிறகு தென்னை மட்டைகளைப் போட்டோம். அம்மாவே பச்சரிசி மாவால் கூடத்தில் நீளமாக இரண்டு கோடு இழுத்துக் கொடுத்தாள், அவற்றுக்கு நடுவே அடி மேல் அடி வைத்து நடப்பதற்கு. நான்காம் நாள் அப்பா கோடுகளைப் பார்த்துவிட்டு, நம்ம வரப்பு இவ்வளவு அகலம் கிடையாது என்றார். அம்மா கோடுகளை நெருக்கி இழுத்தாள். நான் அவருக்குப் பின்னால் இரண்டு கையையும் விரித்துக்கொண்டு, கோழி பிடிக்கிறவன் மாதிரி குனிந்து குனிந்து நடந்தேன். நான்கு மாதமும் இப்படித்தான்.

ஆவணியில் நாள் குறித்தார்கள். முந்தின இரண்டு நாளும் நல்ல மழை. வரப்பெல்லாம் சேறு. நர்சம்மா வயலுக்கு வந்து பார்க்கவா போகிறார், மாட்டுவண்டியில் கொண்டுபோய்விடலாமே என்று மெல்லச் சொல்லிப் பார்த்தேன். அப்பா என்னை ஏறிட்டும் பார்க்கவில்லை. குளித்து, ஈர வேட்டியோடு வயலில் இறங்கி, கதிரை அறுத்துக் கட்டித் தலையில் வைத்து, வலது கையால் பிடித்துக்கொண்டார். நான் வழக்கம்போலக் கையை விரித்துக்கொண்டு அவருக்குப் பின்னால் போய் நின்றேன்.

அப்பா நடக்கவில்லை.

"நீ பொறத்தால நின்னா நான் விழுவேன்னுதான் நெனச்சிட்டு நிப்ப. அது எனக்க முதுகுக்குத் தெரியுது. முன்ன போ. திரும்பிப் பாக்கப்பிடாது," என்றார்.

முன்னால் போனேன். ரோடு வரை நூற்றைம்பது அடி இருக்கும். இடம் திரும்பு, வலம் திரும்பு என்று ஊர்ப் பிள்ளைகளுக்கெல்லாம் உத்தரவு போட்டுச் சம்பளம் வாங்குகிறவன், கழுத்தைத் திருப்பாமல் அந்தத் தூரத்தைக் கடக்க முடியாமல் தவித்தேன். பாதி வழியில் பின்னால் சளக் என்று ஒரு சத்தம். அதன்பிறகு ஒன்றுமே கேட்கவில்லை. நான் நின்றேன். தெரிந்த சாமி பெயரெல்லாம் சொன்னேன். திரும்பவில்லை. கொஞ்ச நேரத்தில் மறுபடியும் காலடிச் சத்தம் வந்தது. நானும் நடந்தேன்.

ரோட்டில் ஏறிய பிறகுதான் திரும்பினேன். அப்பாவின் வலது கால் முழங்கால் வரை சேறாக இருந்தது. வயலுக்குள் இறங்கிவிட்ட காலைத் தானே தூக்கி வரப்பில் வைத்திருக்கிறார். தலையில் இருந்த கதிரில் ஒரு பொட்டுச் சேறு இல்லை.

"சத்தம் கேட்டியா?" என்றார்.

"கேட்டேன்," என்றேன்.

"கேட்டும் திரும்பலியா?"

இல்லையென்று தலையை ஆட்டினேன். அப்பா, முறிந்து கூடிய இடது கையை நீட்டி என் தோளில் வைத்தார். நான் பழக்கத்தில் அவருடைய பாரத்தைத் தாங்கத் தோளை இறுக்கிக்கொண்டேன். கையில் பாரமே இல்லை.