தார் பீப்பாய் அடுப்பின் முதல் தீ

ஓசூரில் யார் புதிதாகப் பட்டறை திறந்தாலும் உலையில் முதல் தீ வைக்க என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். இன்ஜினீயருக்குப் படித்தவர்கள் எல்லாம் வரிசையாக நிற்பார்கள். நான் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு போய்ப் பற்றவைப்பேன். நான் வைத்த தீ அணைந்ததாகச் சரித்திரம் கிடையாது. பெருமைக்குச் சொல்லவில்லை. சரி, பெருமைதான், ஆனால் பொய் இல்லை. மூன்றாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துக்கு முழுக்குப் போட்டவன் இன்று சொந்தமாக வார்ப்புப் பட்டறை நடத்துகிறேன் என்றால் அதற்கு இந்தக் கைதான் காரணம். இதையும் எழுத்துக்கூட்டி எழுத்துக்கூட்டித்தான் எழுதுகிறேன். பிழை இருந்தால் படிக்கிறவர்கள் திருத்திக்கொள்ளுங்கள்.

இந்தக் கைராசி எனக்கு எட்டு வயதில் வந்தது. அணா போய் நயா பைசா வந்துகொண்டிருந்த சமயம். எங்கள் ஊர் அப்போது சேலம் ஜில்லா. சூளகிரிக்கு மேற்கே, பெங்களூர் ரோட்டிலிருந்து கூப்பிடு தூரத்தில் வீடு. கார்த்திகை பிறந்துவிட்டால் காலை பத்து மணிக்கும் வாயைத் திறந்தால் ஆவி பறக்கும். மனிதன் போர்த்திக்கொண்டு பிழைத்துக்கொள்வான். பட்டுப்பூச்சி என்ன செய்யும்? குளிர் பட்டால் இலையைத் தொடாமல் சுருண்டுவிடும். ஈரமும் சேர்ந்தால் செத்து வெள்ளை வெளேரென்று சுண்ணாம்புக் கட்டி மாதிரி விறைத்துப் போகும். எங்கள் வீட்டில் சாப்பாடு போட்டது அந்தப் பூச்சிதான். அதனால் கார்த்திகையில் பூச்சி வீட்டுக்குள் அடுப்பு மூட்டுவோம். பூச்சிகள் கூடு கட்டி முடிக்கிறவரை அது எரியும்.

அந்த அடுப்பு என் சித்தப்பாவின் கைவேலை. அவர் பெங்களூர் ரோட்டுக்குத் தார் போடும் கும்பலில் கூலி. காலியான தார் பீப்பாய் ஒன்றை உருட்டிக்கொண்டு வந்து, வயிற்றில் ஓட்டை போட்டுக் கதவு வைத்து, தகரத்தைச் சுருட்டிக் குழாய் செய்து சுவர் வழியாகப் புகையை வெளியே விட்டார். இத்தனை செய்தவருக்கு உள்ளே வர அனுமதி கிடையாது. பீடி வாசனை பூச்சிக்கு ஆகாது. தான் செய்த அடுப்பை ஜன்னல் வழியாகத்தான் பார்ப்பார்.

உள்ளே வர அனுமதி இல்லாத இன்னொரு ஆள் என் அம்மா. முந்தின வருஷம் முதல் தீயை வைத்தது அம்மா. அந்த வருஷம் பூச்சி அத்தனையும் சுண்ணாம்பாகிவிட்டது. அடைமழையும் ஈர இலையும் எல்லோருக்கும் தெரியும். ஆனாலும் பெரியம்மா அம்மாவின் கையைத்தான் பார்த்தாள். பூச்சி வீடு பெரியம்மாவின் ராஜ்யம். அவளுக்கு முன்னால் பெரியப்பாவும் அப்பாவும் கூடக் கால் கழுவிவிட்டுத்தான் நிற்பார்கள்.

"ஊத்தங்கரைப் பக்கம் பொறந்தவளுக்குப் பூச்சியப் பத்தி என்னா தெரியும்? அவ கை ராசியில்ல. வாசப்படி மிதிக்கக் கூடாது," என்று சொல்லிவிட்டாள். அப்பா துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போய்விட்டார்.

இந்த வருஷம் யார் தீ வைப்பது என்று வந்தபோது பெரியம்மா என்னைக் கைகாட்டினாள். அந்த ஆடி மழைக்கு நான் குப்பைமேட்டில் ஊன்றிய ஒரே பூசணி விதை கூரையெல்லாம் ஏறிக் காய்த்துக் கிடந்தது. அது ஒன்று போதாதா?

"பெரிய மனுசன் ஆயிட்டான்டா நம்ம வீட்டு வாண்டு," என்றார் சித்தப்பா, ஜன்னலுக்கு வெளியே நின்றுகொண்டு. "டேய், வேலங்கட்டையக் கீழ வை, மேல சுள்ளி. வாயால ஊதாதே, எச்சில் பட்டா என் அடுப்புக்குக் கோவம் வரும்."

"உன் பீடி நாத்தத்துக்கு வராத கோவமா? நீ தள்ளி நில்லுப்பா," என்றாள் பெரியம்மா.

இடுப்பு முடிச்சிலிருந்து தீப்பெட்டியை எடுத்து எண்ணிக் கொடுக்கிற மாதிரி ஒவ்வொரு குச்சியாகக் கொடுத்தாள். ஈரக் காற்றில் இரண்டு குச்சி நமத்துப் போயின. மூன்றாவது பிடித்தது. கற்பூரத்தை வைத்துச் சுள்ளியில் காட்டினேன். குழாய் ஒரு தரம் இருமிவிட்டுப் புகையை இழுத்துக்கொண்டது. பீப்பாய் 'டிங் டிங்' என்று சூடேறும் சத்தம் இருக்கிறதே, இன்றைக்கும் என் பட்டறையில் அந்தச் சத்தம் கேட்டால்தான் எனக்குக் காப்பி இறங்கும்.

பெரியம்மா தீப்பெட்டியை மறுபடி முடிந்துகொண்டாள். முதல் நாள் தீ பொழுது சாய்கிறவரை அணையக் கூடாது. அணைந்தால் அந்த வளர்ப்பு அவ்வளவுதான் என்பது எங்கள் பக்கத்து நம்பிக்கை. மழை பிடிப்பதற்குள் ஏரிக்கு அந்தப் பக்கத் தோட்டத்திலிருந்து மல்பெரி இலை கொண்டுவர அப்பா, பெரியப்பா, பெரியம்மா மூவரும் கிளம்பினார்கள். சித்தப்பா ரோட்டு வேலைக்குப் போனார். போகும்போது பெரியம்மா என் தோளைப் பிடித்துச் சொன்னாள்.

"இங்கயே உக்காந்திரு சாமி. இந்தத் தபாவும் பூச்சி போச்சுன்னா நான் பொறுக்க மாட்டேன். உன்னையும் உங்கம்மாவையும் கொண்டுபோயி ஊத்தங்கரைல விட்டுடச் சொல்லிடுவேன் உங்கப்பன்கிட்ட."

முற்றத்துக்கு எதிர்ப்பக்கம் சமையல் வாசலில் அம்மா கேழ்வரகு புடைத்துக்கொண்டிருந்தாள். முறம் ஒரு நொடி நின்றது. பிறகு மறுபடி ஆடியது.

நான் உட்கார்ந்தேன். கட்டை வைத்தேன். தட்டுத் தட்டாக அடுக்கிய பூச்சிகள் இலை தின்னும் சத்தம், தூரத்தில் தூறல் விழுகிற மாதிரி. இப்படி ஒரு மணி நேரம் யோக்கியமாக இருந்திருப்பேன். அப்போதுதான் ரோட்டுப் பக்கம் ஒரு லாரி கர்ர்ரென்று இழுத்து, உறுமி, நின்றுபோனது.

லாரி நின்றுவிட்டது என்று தெரிந்த பிறகும் வீட்டில் உட்கார்ந்திருக்கிற பிள்ளை நான் இல்லை. மூன்று கட்டையைத் திணித்துக் கதவைச் சாத்தினேன். பார்த்துவிட்டு ஓடிவந்துவிடலாம் என்றுதான் போனேன்.

மைசூர்ப் பக்கத்து லாரி. முன்பக்க மூடியைத் திறந்து வைத்துக்கொண்டு டிரைவர் தலையைச் சொறிந்தார். என்னைப் பார்த்ததும், "ஏ ஹுடுகா, நீரு தகொண்டு பா!" என்றார். பக்கத்துக் குட்டையில் தண்ணீர் மொண்டு வந்தேன். பிறகு ஸ்பேனர் எடுத்துக் கொடுத்தேன். பிறகு, பெல்ட் வழுக்குகிறது என்று நான்தான் முதலில் கண்டுபிடித்தேன். எட்டு வயதில்! டிரைவர் ஒத்துக்கொள்ளவில்லை, ஆனால் கடைசியில் பெல்ட்டைத்தான் இறுக்கினார். லாரி கிளம்பிப் போன பிறகுதான் எனக்கு நினைவு வந்தது. வானம் இருட்டிக்கொண்டு, தூறல் பிடித்து, பொழுது மேற்கே சாய்ந்திருந்தது.

ஓடினேன். ஓடும்போதே என் கண்ணுக்கு ஊத்தங்கரை பஸ் தெரிந்தது. அதில் தகரப் பெட்டியோடு அம்மா. பக்கத்தில் நான். மூன்று வேலங்கட்டை அத்தனை நேரம் தாங்குமா? சாம்பல்கூட ஆறியிருக்கும். அழுதுகொண்டே பூச்சி வீட்டுக்குள் நுழைந்தேன்.

உள்ளே கதகதவென்று இருந்தது. அடுப்புக் கதவைத் திறந்தால் முகத்தில் அனல் அடித்தது. மூன்று கட்டை வைத்துவிட்டுப் போனேன், ஐந்து கட்டை கொழுந்துவிட்டு எரிகிறது. பூச்சிகள் பாட்டுக்கு மேய்கின்றன.

வேறு பிள்ளையாக இருந்தால் யோசித்திருக்கும். நான் யோசிக்கவில்லை. என் கையை விரித்துப் பார்த்தேன். அடேயப்பா, இது சாதாரணக் கை இல்லை என்று அப்போதே முடிவு செய்துவிட்டேன்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு மகாராஜா மாதிரி உட்கார்ந்திருந்தபோது இலை மூட்டைகளோடு எல்லோரும் வந்தார்கள். பெரியம்மா உள்ளே வந்து, அடுப்பைப் பார்த்து, தட்டைத் தடவிப் பார்த்து, என் கன்னத்தை வழித்து நெற்றியில் நெட்டி முறித்தாள். "பாத்தீங்களா, கைராசின்னா இதுதான்! இவன் வெச்சது அணையாது."

அதே வேகத்தில் சமையல் கட்டுக்குப் போனவள் அங்கே கத்த ஆரம்பித்தாள். "ஏன்டி, அடுப்புல பொட்டுக் கங்கு இல்லையே! தொடச்சு வெச்ச மாதிரி கெடக்கு. இத்தனை பேரு நனைஞ்சு வந்திருக்கோம், இன்னும் களிக்கு ஒல வெக்கல. பகல் பூராவும் என்னா பண்ணிக்கிட்டிருந்த?"

அம்மா தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். "தூங்கிட்டேன்க்கா," என்றாள்.

"சின்னப் பையன் ஒரு தீயக் காப்பாத்தறான். உனக்கு அடுப்பு நெருப்பக் காப்பாத்தத் தெரியல."

தீப்பெட்டியை உரசிப் பார்த்தார்கள். மழையில் நனைந்து வந்தது, ஒரு குச்சியும் பிடிக்கவில்லை. நான் விடுவேனா? முற்றத்தில் நடுநாயகமாக நின்று, "நான் தரேன் நெருப்பு. என் அடுப்புல எம்புட்டு வேணும்னாலும் இருக்கு," என்றேன். எல்லோரும் சிரித்தார்கள். ஜன்னல் பக்கம் வந்து நின்ற சித்தப்பா, "குடுங்க சாமி, தர்மம் பண்ணுங்க," என்று கும்பிட்டார்.

ஓட்டாஞ்சில்லில் கங்கு அள்ளிக்கொண்டு வாசற்படிக்கு வந்தேன். அம்மா படிக்கு வெளியே நின்றாள். "நீ உள்ள வந்துடாதே," என்று எச்சரித்துவிட்டுத்தான் நீட்டினேன். அந்த வருஷம் பூச்சி கூடு கட்டுகிறவரை அந்த வாசலை நான்தான் காவல் காத்தேன். அம்மா முற்றத்தில் இந்தப் பக்கம் கூட்ட வந்தாலே கத்துவேன். "சரி சாமி, வரல," என்று விளக்குமாற்றோடு தள்ளிப் போவாள். கூடு அந்தத் தடவை எலுமிச்சம்பழ நிறத்தில், கையில் எடுத்தால் கனக்கிற மாதிரி வந்தது. ஊத்தங்கரைப் பேச்சை அதற்குப் பிறகு யாரும் எடுக்கவில்லை.

பட்டறை பட்டறையாக நான் சொல்லிக்கொண்டு வந்த கதை இதுதான். நான் அம்மாவுக்கு நெருப்பு கொடுத்த இடத்தில் நிறுத்துவேன், எல்லோரும் கை தட்டுவார்கள். அந்த இடத்தில் இன்னும் ஒரு சங்கதி நடந்தது. அதை நான் சொன்னதில்லை.

நான் நீட்டிய ஓட்டாஞ்சில்லை அம்மா இடது கையால் வாங்கினாள்.

"நெருப்ப எடக்கைலயாடி வாங்குவாங்க?" என்றாள் பெரியம்மா.

அம்மாவின் வலது கை முந்தானைக்குள் மணிக்கட்டுவரை சுற்றியிருந்தது. "குளுருதுக்கா," என்றாள். அடுத்த நாளும் அப்படித்தான் சுற்றியிருந்தாள், அதற்கடுத்த வாரமும். களியைக்கூட இடது கையால்தான் கிண்டினாள். பொழுது விடிந்து வெயில் ஏறிய பிறகும் அம்மாவுக்கு ஒரு கை மட்டும் எப்படிக் குளிரும் என்று கேட்க எனக்கு அப்போது தோன்றவில்லை.