ரொன்னின் யூட்டில் குறைந்த நாலு அங்குலம்

1. கையெழுத்துப் போடாத கார்ட்

வேலைக் காலத்தில் நான் விட்ட பிழைகளில் பெரும்பாலானவற்றை அரம் போட்டுத் தேய்த்தோ, மறுபடி வெல்ட் பண்ணியோ சரிக்கட்டியிருக்கிறேன். ஒன்றை மட்டும் சரிக்கட்ட முடியவில்லை. வண்டியில் ட்றெயிலரைக் கொளுவுகிற ஹிட்ச் வேலை பழகுகிற பிள்ளைகள் அதைத் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். என்னைப் பற்றி நல்ல அபிப்பிராயம் வைத்திருப்பவர்கள் இந்த இடத்தோடு நிறுத்திக்கொள்ளலாம்.

எழுபதுகளின் நடுப்பகுதி. கொழும்பில் றெயில்வே வேர்க்ஷொப்பில் பதினொரு வருடம் ஃபிட்டராக இருந்துவிட்டு மெல்பேர்னுக்கு வந்தேன். எட்டு மாதம் வேலை கிடைக்கவில்லை. என் சான்றிதழைத் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டு, "இலங்கையிலை றெயில் ஓடுதோ?" என்று கேட்டவர்களும் உண்டு. கடைசியில் மல்கிரேவில் ஒரு சின்ன வேர்க்ஷொப்பில் சேர்ந்தேன். கார்களுக்கும், பின்னால் ட்ரே என்கிற திறந்த தளம் உள்ள யூட் வண்டிகளுக்கும் ட்றெயிலர் இழுக்கிற டோபார், ஹிட்ச் பூட்டுகிற இடம். முதலாளி கீத், கெட்டவன் இல்லை, அவசரக்காரன். "மூண்டு மாதம் பாப்பம். சரிவராட்டிக் கைகுடுத்துப் பிரிவம்" என்றான் முதல் நாளே. அவன் பேசியது ஆங்கிலம்தான். என் மண்டைக்குள் அவன் இன்றைக்கும் யாழ்ப்பாணத் தமிழில்தான் பேசுகிறான்.

கொழும்பு வேர்க்ஷொப்பில் எங்களுக்கு ஒரு பழக்கம் இருந்தது. போர்மன் சொல்கிற வேலை பிழை என்று தெரிந்தால் ஃபிட்டர் எதிர்த்துப் பேச மாட்டான். வேலையைச் செய்து முடித்துவிட்டு, ஜொப் கார்டில் கையெழுத்துப் போடாமல் போர்மனின் மேசையில் வைத்துவிடுவான். கையெழுத்து இல்லாத கார்டோடு எஞ்சின் ஷெட்டை விட்டு நகராது. போர்மன் தானாக இறங்கி வந்து, "என்ன விஷயம்?" என்று கேட்க வேண்டும். அவருக்கும் மரியாதை கெடாது, எங்களுக்கும் வேலை போகாது. பதினொரு வருடத்தில் நான் மூன்று எஞ்சின்களை அப்படி நிறுத்தியிருக்கிறேன். அதில் எனக்குக் கொஞ்சம் திமிரும் இருந்தது.

2. நாற்பதும் நாற்பத்து நான்கும்

நான் சேர்ந்து ஏழாவது கிழமை ரொன் வந்தான். ஓய்வு பெற்ற தபால்காரன். மூன்று வருடம் வீட்டுப் பின்வளவில் தானே ஒரு ட்றெயிலர் வீடு கட்டியிருந்தான். மனைவி ஷேர்லிக்கு மூச்சு வியாதி. மெல்பேர்ன் குளிர் ஆகாது, வடக்கே சூடான பக்கம் போங்கள் என்று டொக்டர் சொல்லியிருந்தார். வீட்டை விற்றாயிற்று. சனிக்கிழமை புறப்பட வேண்டும்.

அவன் கட்டியது பிஃப்த் வீல் ட்றெயிலர். பிஃப்த் வீல் என்பது பெயரில்தான் வீல், அது உருளாது. யூட்டின் ட்ரே நடுவில், பின் அச்சுக்கு மேலே பூட்டுகிற ஒரு கனத்த தட்டு. ட்றெயிலரின் முன்பகுதி ட்ரேக்கு மேலாக நீண்டு வரும். அதன் அடியில் இருக்கிற கிங்பின் என்கிற தடித்த முளை அந்தத் தட்டில் பூட்டிக்கொள்ளும். பெரிய லொறிகளுக்கு உள்ள ஏற்பாடு. ரொன்னிடம் இருந்ததோ குட்டை ட்ரே யூட்.

புதன்கிழமை அளந்தேன். ஹிட்ச் உட்காரும் இடத்திலிருந்து, ஓட்டுகிறவன் இருக்கிற கபினின் முதுகுக்கு நாற்பது அங்குலம். கிங்பின்னிலிருந்து ட்றெயிலரின் முன் மூலைக்குக் குறுக்காக நாற்பத்து நான்கு, நேர் முன்னுக்கு இருபத்தைந்துதான். நேரே நிற்கும்போது நடுவில் ஒரு ஆள் நிற்கலாம், அவ்வளவு இடைவெளி. ரோட்டில் சாதாரணமாக வளைத்தாலும் பயமில்லை. ஆனால் ரிவேர்ஸில் இறுக்கி வளைத்தால் அந்த மூலை சுற்றி வந்து நேரே கபினில் இடிக்கும். நாலு அங்குலம் குறைகிறது. வழி இருந்தது. ட்ரேயில் இரண்டு தண்டவாளம் போட்டு, ரிவேர்ஸ் பண்ணும்போது ஹிட்ச் எட்டு அங்குலம் பின்னுக்கு வழுக்கும்படி செய்யலாம். எனக்கு அது கைவந்த வேலை.

"எத்தினை நாள்?" என்றான் கீத்.

"ரெண்டு. மூண்டாயும் போகலாம்."

"அவன் சனிக்கிழமை வெளிக்கிடுறான். இடைவெளியைப் பாத்தனியே, ஒரு நாய் படுக்கும். பூட்டு, மேட். எல்லாம் சரிவரும்."

நான் "சரி" என்றேன். வாய் உள்ள பிள்ளை பிழைக்கும் என்பார்கள். எனக்கு வாய் இருந்தது. அதைத் திறந்தால் வேலை போய்விடும் என்று பயந்தேன், அதுதான் உண்மை.

வெள்ளிக்கிழமை பூட்டி முடித்தேன். எங்கள் முற்றத்தில் ட்றெயிலரை வளைத்துப் பார்க்க இடமில்லை. கார்டில் கையெழுத்துப் போடாமல் கீத்தின் மேசையில் வைத்துவிட்டு வீட்டுக்குப் போனேன்.

அன்று பின்னேரம் குசினியில் மனைவியிடம் சொன்னேன்.

"அந்த மனிசனிட்டைச் சொன்னனீங்களோ?" என்று கேட்டாள் பவளம்.

"கார்டிலை கையெழுத்து வைக்கேல்லை."

"அது அவங்களுக்கு விளங்குமோ?"

"வேலை தெரிஞ்சவனுக்கு விளங்கும்."

அவள் அதற்குமேல் ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருக்கலாம் என்று பிறகு பலமுறை அவள் மேல் எரிச்சல்பட்டேன். அதுவும் அநியாயம்தான்.

3. சனிக்கிழமை

காலையில் கீத் வருவான், கார்டைத் தூக்கிக்கொண்டு என்னிடம் கேட்பான் என்று காத்திருந்தேன். அவன் தேத்தண்ணீர் குடித்தான், டெலிபோன் பேசினான். ரொன்னும் ஷேர்லியும் எட்டரைக்கு வந்தார்கள். அவள் குட்டையான மனுஷி. ஒவ்வொரு வசனத்துக்கும் நடுவில் மூச்சு எடுத்தாள். எனக்கென்று ஒரு கேக் சுட்டு, துணியில் சுற்றிக் கொண்டு வந்திருந்தாள்.

ஒரே ஒரு முறை வாயைத் திறந்தேன். அதுவும் அரைகுறையாக. "ரிவேர்ஸ் எடுக்கேக்கை இறுக்கி வளைக்காதையுங்கோ. வளைக்கிறதெண்டால் ஆரும் ஒருதர் இறங்கி நிண்டு பாருங்கோ" என்றேன்.

"நான் நிண்டு பாக்கிறன்" என்றாள் ஷேர்லி.

இடிக்கும் என்று நான் சொல்லவில்லை. கவனம் என்றுதான் சொன்னேன். அவர்கள் போய்விட்டார்கள்.

அன்று மத்தியானமே, வழியில் ட்றெயிலர் வீடுகளை நிறுத்தித் தங்குகிற ஒரு கரவன் பார்க்கில், ரொன் ட்றெயிலரை ரிவேர்ஸில் இடத்துக்குள் விட்டிருக்கிறான். ஷேர்லி நான் சொன்னபடி இறங்கி, இடைவெளிக்குள் எட்டிப் பார்த்திருக்கிறாள். வலக்கையால் கபினின் பின்கண்ணாடிச் சட்டத்தைப் பிடித்திருந்தாள். ட்றெயிலரின் மூலை அந்தக் கையின் மேல் வந்து இடித்தது.

திங்கட்கிழமை கீத் முகம் வெளிறிப்போய் வந்தான். கார்ட் அவன் கையில் இருந்தது.

"இதிலை ஏன் உன்ரை கையெழுத்து இல்லை?"

"எனக்குச் சம்மதமில்லை எண்டதுக்கு."

அவன் கார்டை மேசையில் போட்டான். "மேட், இஞ்சை பாதிப்பேர் கையெழுத்துப் போடுறேல்லை. நீ மறந்துபோனாய் எண்டு நினைச்சன்."

எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்தது. கழிப்பறைக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டேன்.

4. கழற்றிய நாள்

மூன்று கிழமை கழித்து ரொன் யூட்டைக் கொண்டுவந்தான். ஹிட்சைக் கழற்றிவிடச் சொன்னான். ஷேர்லிக்கு மூன்று விரல்கள் போய்விட்டன. மற்ற இரண்டும் மடங்காது. குளிர் தொடங்கியிருந்தது. ஆஸ்பத்திரியில் நெஞ்சிலும் சளி பிடித்துவிட்டது. வடக்கே போகும் பேச்சு முடிந்தது. ட்றெயிலரை ஒரு பண்ணைக்காரன் கோழித் தீன் போட்டுவைக்க வாங்கிக்கொண்டானாம்.

நான் போல்ட்களைக் கழற்றினேன். அவன் பக்கத்தில் நின்றான்.

"நீ ஒருதன்தான் எங்களைக் கவனமாய் இருக்கச் சொன்னனி" என்றான். "நீ சொன்னபடியால்தான் அவள் இறங்கி நிண்டவள். அவளும் உன்னைக் கேட்டவள், சுகமாய் இருக்கிறாயோ எண்டு."

நான் ஸ்பனரைக் கீழே வைத்தேன்.

"எவ்வளவு குறைஞ்சது?" என்றான்.

"நாலு அங்குலம்."

"அவ்வளவுதானோ?"

"அவ்வளவுதான்."

"எப்ப தெரியும் உனக்கு?"

பொய் சொல்ல வாய்ப்பு இருந்தது. அவன் நம்பியிருப்பான், நம்பத்தான் ஆசைப்பட்டான்.

"புதன்கிழமை."

அவன் கத்தவில்லை. தபால்காரன், மழையிலும் வெயிலிலும் வாசல் வாசலாக நடந்து பழகிய மனிதன். குரலை உயர்த்தாமல் சொன்னான்: "சனிக்கிழமை நாங்கள் வெளிக்கிடேக்கை நீதான் கேற்றைத் திறந்துவிட்டனி."

பிறகு யூட்டில் ஏறிப் போய்விட்டான். அவர்களை நான் மறுபடி பார்க்கவில்லை. ஷேர்லியைப் பார்க்கப் போக இரண்டு முறை பஸ் ஏறினேன். இரண்டு முறையும் பாதியில் இறங்கித் திரும்பிவிட்டேன்.

பிள்ளைகளே, குட்டை ட்ரேக்கு ஹிட்ச் பூட்ட வந்தால் கிங்பின்னிலிருந்து மூலைக்கு அளந்து பாருங்கள், நேரே தெரிகிற இடைவெளியை நம்பாதீர்கள். போதாவிட்டால் போதாது என்று வாயால் சொல்லுங்கள். முதலாளியிடம் மட்டும் சொன்னால் காணாது, அதில் ஏறிப் போகிறவரிடம் சொல்லுங்கள். கவனம் என்று சொல்லிவிட்டுத் தப்பிக்கொள்ளாதீர்கள். அதற்குப் பிறகு நான் எத்தனையோ வேலைகளை நடுமுற்றத்தில் நின்று கத்தி நிறுத்தியிருக்கிறேன், இரண்டு இடத்தில் வேலையும் போனது. அதனால் யாருடைய கையோ தப்பியிருக்கும். ஷேர்லியின் கை தப்பவில்லை.