மூன்று வேளையாக மாறிய ஊசி

அந்த மருத்துவமனையில் இருபத்திரண்டு வருடமாக மருந்தாளுநராக இருக்கும் பெண்மணிக்கு மற்றவர்கள் வைத்த பெயர் கத்தரிக்கோல். எந்த மருந்துச் சீட்டு வந்தாலும் நோயாளியின் சிறுநீரகம் எப்படி இருக்கிறது என்றுதான் முதலில் பார்ப்பார். கொஞ்சம் சுணக்கம் தெரிந்தாலும் போதும், அளவைக் குறைக்கச் சொல்லி டாக்டரைக் கூப்பிட்டுவிடுவார். அவருடைய அண்ணனுக்குச் சிறுநீரகம் தளர்ந்திருந்த சமயத்தில் பத்து நாள் முழு அளவு ஊசி போட்டார்கள். வெளியேற வழியில்லாமல் உடம்பிலேயே தேங்கிய மருந்து, அண்ணனின் காதைப் பறித்துக்கொண்டது.

அப்பேர்ப்பட்டவர் ஒரு செவ்வாய்க்கிழமை காலை, மருந்தைக் கூட்டச் சொல்லி அறுவை டாக்டர் முன்னால் போய் நின்றார்.

நோயாளி, கட்டடங்களுக்குப் பெயின்ட் அடிக்கும் இருபத்து நான்கு வயதுப் பெண். சாரம் சரிந்து விழுந்ததில் கால் எலும்பு தோலைக் கிழித்து வெளியே வந்திருந்தது. காயத்தில் சீழ் வைத்துவிட்டது. கிருமிக்குப் பொருத்தமான மருந்துதான் போகிறது என்று ஆய்வுக்கூடமும் சொல்லியாயிற்று. ஆனாலும் ஐந்து நாளாகக் காய்ச்சல் இறங்கவில்லை. கால் விரல்கள் கறுக்கத் தொடங்கியிருந்தன. வியாழக்கிழமை காலை வரை பார்ப்பதாகவும், அதற்குமேல் காலை எடுக்க வேண்டியிருக்கும் என்றும் டாக்டர் அவளுடைய அம்மாவிடம் சொல்லிவிட்டார்.

"கூட்டணுமா? நீங்களா சொல்றீங்க?" டாக்டர் சிரிக்கவில்லை. "ஏற்கனவே முழு அளவு போகுது. கிட்னி போச்சுன்னா யார் பொறுப்பு?"

"அடுத்த ஊசிக்கு முன்னாடி ரத்தம் எடுத்துப் பார்த்தேன் டாக்டர். ரத்தத்துல மருந்து பதினஞ்சு இருக்கணும். ஆறுதான் இருக்கு."

"ஊசியைச் சரியாப் போட்டிருக்க மாட்டாங்க."

"பக்கத்துல நின்னு பார்த்தேன். எட்டு மணி நேரச் சிறுநீரையும் பிடிச்சு அளந்தாச்சு. சாதாரணமா நிமிஷத்துக்கு நூத்தியிருபது மில்லி ரத்தம் சுத்தமாகும். இவளுக்கு நூத்தியெண்பது. சின்ன வயசு, பெரிய காயம், உடம்பு முழுக்கக் கொதிப்பு. இந்த மாதிரி நேரத்துல சிறுநீரகம் தறிகெட்டு ஓடும். நாம ஊத்த ஊத்த அது வெளிய தள்ளிக்கிட்டே இருக்கு. ஒன்றரை மடங்கு வெளிய போனா ஒன்றரை மடங்கு உள்ள போகணும். ரெண்டு வேளையை மூணு வேளை ஆக்குங்க."

அவர் நீட்டிய கணக்குத் தாளை டாக்டர் வாங்கிப் பார்த்தார். "தினமும் ரத்தம் பார்க்கணும். யார் கேட்டு மாத்தினதுன்னு எழுதி, கீழ உங்க கையெழுத்தும் இருக்கணும்."

கையெழுத்துப் போட்டபின் கணக்கை மறுபடியும் ஒருமுறை போட்டுப் பார்த்தார். கணக்கில் ஓர் இடம் பிசகியிருந்தால்? எட்டு மணி நேரத்துக்கு முந்தைய சிறுநீரும் அதில் கலந்துபோய், அதை யாரும் சொல்லாமல் விட்டிருந்தால்? வீட்டுக்குப் போய்ச் சாப்பிட உட்கார்ந்தார். அண்ணன் எதிரே உட்கார்ந்து, "என்ன, முகம் பேயறஞ்ச மாதிரி இருக்கு?" என்று கேட்டார். காது கேட்காத அண்ணன் படித்துக்கொள்ளும்படி உதடு தெரிய, "ஒண்ணுமில்ல" என்றார் இவர்.

புதன்கிழமை காலை முதல் வேலையாக வார்டுக்குப் போனார்.

"காதுல இரையுதாம்மா?"

"இல்லக்கா. எல்லாரும் காலைக் கேக்குறாங்க, நீங்க மட்டும் காதைக் கேக்குறீங்க."

சிறுநீரகம் அப்படியே இருந்தது. காய்ச்சலும் அப்படியே இருந்தது, நூற்று மூன்று. பெண்ணின் அம்மா இவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்கு வியாழக்கிழமைங்க" என்றாள்.

வியாழக்கிழமை அறுவை அரங்கைத் தயார் செய்துவிட்டார்கள். எட்டு மணிக்கு ரத்த முடிவு வந்தது: பதினான்கு. நர்ஸ் காய்ச்சல் பார்த்தார், நூறு. நம்பிக்கையில்லாமல் இன்னொரு தெர்மாமீட்டர் வைத்தார். அதிலும் நூறுதான். டாக்டர் கட்டைப் பிரித்துச் சதையை அழுத்திப் பார்த்தார்.

"ரெண்டு விரலைக் காப்பாத்த முடியாது," என்றார். "கால் இருக்கட்டும்."

அந்த அம்மா அப்படியே தரையில் உட்கார்ந்து அழுதாள்.

அடுத்த வாரம் கொதிப்பு அடங்கியதும் சிறுநீரகத்தின் ஓட்டமும் நிதானத்துக்கு வந்தது. ரத்தத்தில் மருந்து இருபத்திரண்டுக்கு ஏறிய அன்றே மருந்தாளுநர் ஓடிவந்து மறுபடியும் இரண்டு வேளையாக்கச் சொன்னார். இந்த முறை டாக்டர் ஒரு வார்த்தை கேட்கவில்லை, பேனாவை எடுத்தார். ஆறாவது வாரம் அந்தப் பெண் ஊன்றுகோலுடன் நடந்து வெளியே போனாள். "இனிமே ஏணி மேல ஏறுவியா?" என்று அம்மா அதட்டிக்கொண்டே பின்னால் போனாள். "ஏறாம? சுவர் கீழ இறங்கி வருமா?" என்றாள் மகள்.