மச்சான் கையில் இருக்க வேண்டிய கயிறு

தூத்துக்குடியில் நான் பி.ஏ. இரண்டாம் வருஷம் படித்தபோது எங்கள் கல்லூரிக்கு ஒரு சின்ன சினிமா கேமரா வந்து சேர்ந்தது. யாரோ ஒரு வெளிநாட்டுப் பாதிரியார் ஊருக்குத் திரும்பும்போது விட்டுப்போனது. ஒரு சுருள் மூன்று நிமிடம்தான் ஓடும், சத்தம் பதியாது. அதை வைத்துக் கடற்கரைத் தெருப் பிள்ளைகளைப் பற்றி ஒரு படம் எடுக்கச் சொன்னார் எங்கள் பேராசிரியை. கேமரா என் கைக்கு வந்தது. அன்றிலிருந்து என் கால் தரையில் பாவவில்லை.

பேராசிரியை கண்டிப்பானவர். பெற்றவர்களிடம் கேட்காமல் ஒரு பிள்ளையையும் எடுக்கக் கூடாது, பிள்ளைகள் வழக்கமாகச் செய்யாத எதையும் படத்துக்காகச் செய்யச் சொல்லக் கூடாது என்று இரண்டு தடவை சொல்லி அனுப்பினார். நான் தலையாட்டினேன். தலையாட்டுவதில் நான் கெட்டிக்காரி.

அந்தத் தெரு ஆண்களில் பலர் சங்கு குளிக்கப் போகிறவர்கள். பிள்ளைகளின் விளையாட்டும் அதுதான். கரையோரம் கட்டிக் கிடக்கும் வள்ளத்திலிருந்து ஒருவன் இடுப்பில் கயிறும் காலில் சின்னக் கல்லுமாகத் தண்ணீருக்குள் இறங்குவான். இன்னொருவன் மேலே கயிற்றைப் பிடித்திருப்பான். கீழே இருப்பவன் கயிற்றைச் சுண்டினால் மேலே இருப்பவன் இழுக்க வேண்டும். ஆழம் என் கழுத்தளவுகூட இராது. ஏழு வயதுப் பையன் ஒருவன் இதில் சூரன். அவன் அம்மாவிடம் போய்ப் படம் எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

“எடுங்க டீச்சர். கயிறு மட்டும் அவன் மச்சான் கையில இருக்கட்டும்” என்றாள். மாணவிதான் என்று எத்தனை முறை சொன்னாலும் அவளுக்கு நான் டீச்சர்.

“ஏழு வயசுக்குள்ள மச்சானா?” என்று சிரித்தேன்.

“எங்கண்ணன் மவன். எங்க வீட்டுக்காரரு கடலுக்குள்ள எறங்கும்போது கயிறு எங்கண்ணன் கையிலதான் இருக்கும். தங்கச்சி தாலி அவன் கையிலல்லா இருக்கு, விட்டுருவானா?”

முறைக்காரர்களின் கேலிப் பேச்சு என்று எடுத்துக்கொண்டேன். எங்கள் அப்பாவுக்குப் பலசரக்குக் கடை. எங்கள் வீட்டில் மச்சான் என்றால் கல்யாணப் பந்தியில் கோபித்துக்கொண்டு எழுந்து போகிறவர்.

மறுநாள் காலை பக்கத்து வள்ளத்தில் நின்று கேமராவுக்குள் பார்த்தால், அந்த மச்சான் சரிப்பட்டு வரவில்லை. பத்து வயது, மூக்கொழுகல், கிழிந்த டிரவுசர். போதாததற்கு முதுகைக் காட்டியபடியே நின்றான். சிவப்பு ரிப்பன் கட்டிய ஒரு சிறுமி அந்த வள்ளத்திலேயே உட்கார்ந்து வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். கயிற்றை அவள் கையில் கொடுத்தேன். “அக்கா கையத் தூக்குற வரைக்கும் இழுக்கக் கூடாது, என்ன?” என்றேன். என்னைப் போலவே அவளும் நன்றாகத் தலையாட்டினாள். மச்சானை என் வள்ளத்துக்கு வரச் சொல்லி ஓரமாக நிறுத்தினேன்.

பையன் இறங்கினான். கேமரா ஓடியது. தண்ணீர், வெயில், ரிப்பன், எல்லாம் அவ்வளவு அழகு.

“கூப்பிடுதான்! ஏளா, இழு, கூப்பிடுதான்!” என்று மச்சான் என் காதருகே கத்தினான். தண்ணீருக்குள்ளிருந்து யார் கூப்பிட முடியும் என்று எனக்கு எரிச்சல் வந்தது. ரிப்பன்காரி கயிற்றைப் பிடித்தபடி என் கையையே பார்த்துக்கொண்டிருந்தாள். என் இரண்டு கைகளும் கேமராவில் இருந்தன.

மச்சான் அந்த வள்ளத்துக்குத் தாவி, கயிற்றைப் பிடுங்கி இழுத்தான். மேலே வந்த பையனின் உதடு நீலம் பூத்திருந்தது. கணுக்காலிலிருந்து கழலாமல் கல்லும் கூடவே வந்தது. அவன் அம்மா கரையிலிருந்து தண்ணீரில் விழுந்து எழுந்து வந்து சேர்ந்தாள். பையனைக் கவிழ்த்து முதுகில் அறைந்தாள். மூன்றாவது அறையில் தண்ணீரைக் கக்கிவிட்டு அழுதான். அவன் அழுத பிறகுதான் என்னைப் பார்த்தாள்.

“ஏளா, கயித்த யாரு கையில குடுத்த?”

டீச்சர் போய்விட்டது. “கயிறு அசைஞ்சத நான் பாக்கலம்மா, சத்தியமா பாக்கல” என்றேன். மாதா மேல் ஆணை என்றுகூடச் சொன்னேன், முருகனைக் கும்பிடுகிற வீட்டுப் பெண். சாயங்காலம் பேராசிரியையிடமும் அதையே சொன்னேன். இருவரும் நம்பினார்கள். நானும் நம்பினேன்.

சுருள்கள் பம்பாய்க்குப் போய்க் கழுவித் திரும்பி வர ஒரு மாதம் ஆனது. தெருக்காரர்களுக்குப் போட்டுக் காட்டுவதாக முதலிலேயே வாக்குக் கொடுத்திருந்தோம். ஒரு ஞாயிற்றுக்கிழமை மாதா கோயிலில் பூசை முடிந்ததும் பள்ளிக்கூட அறையின் ஜன்னல்களை அடைத்தோம். புரொஜெக்டர் அன்று காலைதான் இரவல் கிடைத்தது, அதனால் நாங்களே படத்தைப் பார்த்திருக்கவில்லை. பையன் இறங்கிய அந்தச் சுருள் மட்டும் வேண்டாமே என்றார் பேராசிரியை. மறைக்க என்ன இருக்கிறது என்று நான்தான் சொன்னேன்.

அம்மா மகனை மடியில் வைத்துக்கொண்டு முன்னால் உட்கார்ந்திருந்தாள். சுவரில் ரிப்பன் வந்தது. அந்தச் சிறுமியின் கையில் கயிறு தெரிந்தது. கயிறு சுண்டியது. உடனே படம் சிறுமியை விட்டு விலகிக் கயிற்றை நெருங்கியது. மறுபடி சுண்டியது, படம் இன்னும் நெருங்கியது. சுவர் முழுக்கக் கயிறு. மூன்றாம் முறை லேசாகச் சுண்டிவிட்டு அசையாமல் நின்றது. கேமரா தானாக எதையும் நெருங்காது. அதற்கு ஒரு பொத்தான் உண்டு, அதில் இருந்தது என் விரல்.

பேராசிரியை என் பக்கம் திரும்பவே இல்லை. அம்மா மகனைத் தூக்கிக்கொண்டு எழுந்து என்னிடம் வந்தாள். அடிக்கப் போகிறாள் என்று நினைத்தேன். அடித்திருக்கலாம்.

“பாத்துக்கிட்டுத்தான் இருந்திருக்கிய, டீச்சர்” என்றாள்.