சரணாகதின்னா கையைக் கட்டிக்கிட்டு உக்கார்றதா?

போன கார்த்திகையில, காப்பிப் பழம் பறிக்கிற சமயத்துல எங்க ஊட்டுக்காரரைக் கண்ணாடிவிரியன் கடிச்சிருச்சுங்க. மத்தியான நேரம். ஏற்காட்டுப் பக்கம் செம்மநத்தத்துல, எங்க காப்பிக் காட்டுலயே. காலு வீங்கிப்போச்சு. ஈறுல ரத்தம் கசிஞ்சுது. நான் சும்மாவே பயந்தவ. பஸ் தாமசமா வந்தாலே எல்லா சாமியையும் கூப்புட ஆரம்பிச்சிருவேன். அன்னிக்கு என் உசுரே என்கிட்ட இல்ல.

அவரோட அண்ணன் அவரைத் தூக்கிட்டுப் போய் மாரியாத்தா கோயில்ல படுக்க வெச்சாரு. எங்க பக்கம் எதுக்கும் சாமிகிட்ட பூ கேக்கறது வழக்கம். அம்மன் மேல வெச்ச பூ வலப்பக்கம் விழுந்தா உத்தரவு. கல்யாணத்துக்குக் கேக்கலாம், கெணறு வெட்டக் கேக்கலாம். விஷம் ஏறிக்கிட்டு இருக்கறப்ப, ஆஸ்பத்திரிக்குப் போலாமான்னா கேக்கறது? பூ விழவே இல்ல. வண்டிக்குச் சொல்லுங்க மாமான்னு அவரோட அண்ணன்கிட்ட கெஞ்சினேன்.

"ஆத்தாகிட்ட சரணாகதின்னு உட்டாச்சு அம்மணி. அப்பறமும் ஆஸ்பத்திரிக்கு ஓடுனா அதுக்குப் பேரு பக்தியா?"ன்னாரு.

அந்தக் கோவம் எனக்கு இன்னும் ஆறல. தனக்கு வயித்துவலின்னா ஏற்காட்டு ஆஸ்பத்திரிக்கு மொத பஸ் புடிக்கிறவரு அவரு. அப்ப எங்க போச்சு சரணாகதி? தம்பி உசுருன்னாத்தான் அந்த வார்த்தை வாயில வருமா?

அஞ்சாவதோட நின்னவ நான். ஆனா தெனமும் சரணம்னு சொல்ற வாய் இது. கோயில் படியில விழுந்து, "தாயே, என்னால ஆனதை நான் செய்யறேன். என் பயத்தை நீ வாங்கிக்க. அவரு உசுரு உன் பொறுப்பு"ன்னு கும்பிட்டேன். எந்திரிக்கறப்ப அந்தப் பயம் இல்ல. அதுதாங்க மொத அற்புதம்.

ஓடிப்போய் ரோட்டுல நின்னேன். அந்த நேரத்துல எங்க ரோட்டுல வண்டியே வராது. சாமான் எறக்கிட்டுத் திரும்பின ஜீப்பு ஒண்ணு, பக்கத்து ஊரு மஞ்சக்குட்டை ஜீப்பு, வந்துச்சு. டிரைவர் மறுபேச்சு பேசாம கோயில் வாசலுக்கே வண்டியை உட்டாரு. அண்ணன் குறுக்க வந்து நின்னாரு.

"நகருங்க மாமா. இந்த ஜீப்பை யாரு அனுப்புனான்னு நெனைக்கறீங்க?"ன்னேன்.

நகந்துட்டாரு.

சேலத்துல விஷமுறிவு ஊசி போட்டாங்க. ஏன் இவ்வளவு தாமசம்னு டாக்டரம்மா திட்டுனாங்க. அதுவும் என்னைத்தான் திட்டுனாங்க. ஆனா அவரு பொழச்சுக்கிட்டாரு.

இன்னிக்கு அவரு காட்டு வேலைக்குப் போறாரு. பூ கேட்டதாலதான் தம்பி பொழச்சான்னு அண்ணன் ஊரெல்லாம் சொல்லிக்கிட்டுத் திரியறாரு. கேக்கக் கேக்க எனக்குப் பத்திக்கிட்டு வரும். இருந்தாலும் ஆத்தா புண்ணியத்துல இப்பெல்லாம் படுத்தா நிம்மதியா தூக்கம் வருதுங்க. முன்ன அது வராது.

நீங்களும் நம்பி அவ கால்ல விழுங்க. விழுந்ததும் எந்திரிச்சு ஓடுங்க. கூடவே அவளும் ஓடி வருவா.