நீர்க்கட்டி ஷுய்-மூவுக்குச் செதுக்கிய முத்திரை

செருப்பைக் கழற்றி வரப்பின்மேல் ஜோடியாக வைத்துவிட்டு, இடது காலை மட்டும் வாய்க்காலுக்குள் இறக்குவார். வலது கால் கரையிலேயே இருக்கும். கண்ணை மூட மாட்டார், மந்திரம் எதுவும் முணுமுணுக்க மாட்டார். கெண்டைக்காலில் தண்ணீர் எந்த இடத்தைத் தொடுகிறது என்று பார்ப்பார். அதற்குப் பிறகுதான் மதகுப் பலகையில் கை வைப்பார். நீர்ப்பாசன அலுவலகம் கொடுத்த அளவுகோல் என்ன ஆயிற்று என்று கேட்டீர்களானால், அது அவர் வீட்டுக் கொல்லையில் துணிக்கொடிக்கு முட்டுக் கொடுத்துக்கொண்டிருக்கிறது.

தூ ஷுய்-மூ, வயது அறுபத்து மூன்று, எங்கள் தெற்கு வாய்க்காலின் நீர்க்கட்டி. எண்பத்தாறு வயல்களுக்கு அவர்தான் தண்ணீர் பிரித்து விடுகிறார். இடுப்பில் ஒரு மூங்கில் பத்தை செருகியிருக்கும், நத்தை இளஞ்சிவப்பாகக் கொத்துக் கொத்தாக இட்டுவைக்கும் முட்டைகளைச் சுரண்டிப் போட. தலையில் எப்போதும் ஒரு தேர்தல் தொப்பி. அதுவும் தோற்றுப்போன வேட்பாளர்கள் கொடுத்த தொப்பியாகப் பார்த்துத்தான் போடுவார். ஏன் என்று ஒருநாள் கேட்டேன். "ஜெயிக்கிறவன் துணியில மிச்சம் பிடிச்சுடறான், மெய்-ஹுய். தோக்கறவன் கொடுக்கிற தொப்பிதான் வெயில் தாங்குது" என்றார்.

என் கடையில்தான் காலைச் சாப்பாடு. நியென் மெய்-ஹுய் சிற்றுண்டிக் கடை, கோயிலுக்கு எதிர்ப்புறம், கண்ணை மூடிக்கொண்டு வந்தாலும் வாசனை கூட்டிவந்துவிடும். முள்ளங்கிப் பணியாரம் இரண்டு துண்டு, ஒரு முட்டை, சர்க்கரை போடாத சோயாப் பால். ஏழு மணிக்கு முன்னால் வாயைத் திறக்க மாட்டார். அப்படி அவர் உட்கார்ந்திருக்கும் மேஜைக்குத்தான் ஊரில் சண்டை போட்டவர்கள் எல்லாரும் வருவார்கள். வரப்புத் தகராறில் அண்ணன் தம்பி இரண்டு பேர் ஆளுக்கொரு பக்கம் நின்று கத்துவார்கள். இவர் "ம்ம்" என்பார். இன்னும் கொஞ்சம் கத்துவார்கள். "ம்ம்." அப்புறம் தம்பிக்காரனுக்கே தான் கத்துவது காதில் விழும் போலிருக்கிறது, குரல் இறங்கிவிடும். சாப்பிட்டு முடிப்பதற்குள் இரண்டு பேரும் ஒரே ஸ்கூட்டரில் கிளம்பிப் போயிருப்பார்கள். சத்தியமாகச் சொல்கிறேன், என் கண்ணால் பார்த்தது. வடக்கு வாய்க்காலில் போன பங்குனியில் மண்வெட்டிப் பிடியால் மண்டையை உடைத்துக்கொண்டார்கள். எங்கள் பக்கம் ஒருவருக்கும் ஒரு கீறல் கிடையாது.

எங்கள் வயல் எண்பத்தாறாவது, கடைமடை. தண்ணீர் எல்லாரையும் பார்த்துவிட்டுக் கடைசியில்தான் எங்களிடம் வரும். எங்கள் மதகுப் பலகையில் சுண்டுவிரல் தடிமனுக்கு ஒரு கணுவோட்டை உண்டு. பலகையை இறக்கிய பிறகும் அதன் வழியே நூல் மாதிரி தண்ணீர் கசிந்து எங்கள் மூலையை ஈரமாகவே வைத்திருக்கும். அதை அவர் பார்க்காமலா இருப்பார்? பார்த்தார். "கடைசிப் பிள்ளை, ஒரு வாய் குடிச்சுட்டுப் போகட்டும்" என்று விட்டுவிட்டார்.

இப்படிப்பட்ட மனுஷன்மேல்தான் போன வருஷம் எனக்கு வந்த கோபம் கொஞ்சநஞ்சமல்ல.

போன வருஷம் ஒரு புயல்கூட எங்கள் கரைப்பக்கம் எட்டிப் பார்க்கவில்லை. புயல் வராவிட்டால் அணை நிரம்பாது. மேற்கே இருக்கிற தொழிற்பேட்டைக்காரர்கள் எங்கள் வசந்த நடவுத் தண்ணீரைக் கேட்டார்கள். ஊர்த்தலைவர் முத்திரை வைத்த சம்மதக் கடிதம் ஒன்று இருந்தால் போதும், வாய்க்காலைத் திருப்பிவிடலாம். ஷி குவோ-டுங் இரண்டு தடவை தலைவராக இருந்தவர், மூன்றாம் தடவைக்கும் அவர் ஒருவர்தான் மனுப் போட்டிருந்தார். "தேர்தல் முடியட்டும், முத்திரை வெச்சுடலாம்" என்று அவர் சொன்னது ஊருக்கே தெரியும். முத்திரை விழுந்தால் முதலில் காயப்போவது எது? கடைமடை. என் கணவர் நாற்றுக்குச் சொல்லிவைத்திருந்தார். எனக்குத் தூக்கமே இல்லை.

எதிர்த்து நிற்க ஊருக்கெல்லாம் தோன்றிய பெயர் ஒன்றே ஒன்றுதான்.

மனுப் போடக் கடைசி நாள் காலையில் நாங்கள் முப்பது பேர் கோயிலுக்குப் போனோம். வானதிகாரி, நிலவதிகாரி, நீரதிகாரி என்று மூன்று சாமிகள் அங்கே. எங்களுக்கு நீரதிகாரிதான் எல்லாம். சாமியிடம் குறி கேட்கும் பிறைக்கட்டை இரண்டையும் நான்தான் கையில் எடுத்தேன். ஒன்று கவிழ்ந்து ஒன்று மல்லாந்து விழுந்தால் சம்மதம், இரண்டும் கவிழ்ந்தால் கூடாது, இரண்டும் மல்லாந்தால் சாமி சிரிக்கிறார் என்று அர்த்தம். "ஷுய்-மூ எங்களுக்குத் தலைவரா வரலாமா?" என்று கேட்டுப் போட்டேன். சம்மதம்! மறுபடி போட்டேன், சம்மதம்! மூன்றாவது தடவையும் போட்டேன். சம்மதம்! அடடா, அந்த நிமிஷத்தைச் சொல்லி மாளாது. யாரோ பட்டாசைக் கொளுத்திவிட்டார்கள். நான் ஓடிப்போய் மனுவில் அவர் பெயரை எழுதினேன், எங்கள் ஊரில் கையெழுத்துக்குப் பதில் முத்திரைதானே, சாவிக்கடையில் ஐந்தே நிமிஷத்தில் அவர் பெயருக்கு ஒரு மரமுத்திரை செதுக்கி வாங்கினேன். உருண்டையாக, சுண்டுவிரல் தடிமனில், அழகான எழுத்து.

எல்லாரும் வாய்க்காலுக்கு ஓடினோம். அவர் முழங்கால் தண்ணீரில் நின்று நத்தைமுட்டை சுரண்டிக்கொண்டிருந்தார்.

"அண்ணே! நீங்கதான் தலைவர்! மூணு தடவை சம்மதம் விழுந்துடுச்சு!"

"யாரைக் கேட்டீங்க?"

"சாமியைத்தான்!"

"என்னைக் கேட்கலையே."

முப்பது பேரும் ஒருவர் மூஞ்சியை ஒருவர் பார்த்தோம். அந்த யோசனை ஒருத்தருக்குமே வரவில்லை! சாமியிடம் பெயர், விலாசம் எல்லாம் சொல்லிக் கேட்டோம், மனுஷனிடம் ஒரு வார்த்தை கேட்கவில்லை.

"இப்பக் கேட்கிறோம், வாங்க" என்றேன்.

"இல்லைம்மா. வேண்டாம்."

"அப்ப ஒண்ணு செய்ங்க. குவோ-டுங் வயல் நம்ம வாய்க்கால்லதானே இருக்கு? கடிதத்துல கை வைக்க மாட்டேன்னு சொல்ற வரைக்கும் அவர் மதகை இறக்கிடுங்க."

அன்றுதான் அவர் முகம் சிவந்து நான் பார்த்தேன். கையிலிருந்த மூங்கில் பத்தையைத் தண்ணீரில் அடித்தார். "நெல்லு என்ன பண்ணிச்சு உனக்கு? அதை நான் செஞ்சா அப்புறம் நான் யாரு? தொப்பி மாத்திப் போட்ட குவோ-டுங். போ அந்தப் பக்கம்!"

பிறகு அவரே கரையேறி வந்தார். முத்திரையை என் கையிலிருந்து வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "நல்லாத்தான் செதுக்கியிருக்கான்" என்று சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். மனம் மாறிவிட்டார் என்றே நினைத்தேன், அற்பப் புத்தி. "சாமி ஒப்புக்கிட்டதை நான் வாய்க்கால்ல நின்னு மறுக்கக் கூடாது. அங்க வந்து சொல்றேன்" என்றார்.

சாமிக்குப் படைக்க இரண்டு பம்பளிமாசுப் பழம் வாங்கிக்கொண்டு கோயிலுக்கு வந்தார். அவருடைய அப்பா தாவோப் பூசாரிக்கு மேளம் அடித்தவர், அதனால் முறையெல்லாம் தெரியும். மண்டியிட்டார். கோயில் முற்றத்தில் எள் போட இடமில்லை, குவோ-டுங்கும் ஒரு தூணில் சாய்ந்துகொண்டு வேடிக்கை பார்த்தார்.

"தெற்கு வாய்க்கால் தெரு, ஏழாம் நம்பர் வீடு, தூ ஷுய்-மூ வந்திருக்கேன். சாமி, பதினோரு வருஷத்துக்கு முன்னால, அப்ப இருந்த தலைவர் படுத்த படுக்கையா கிடந்தப்ப, நாப்பது நாள் என்னைத் தலைவரா உட்கார வெச்சாங்க. முப்பத்தோராம் வயக்காரன் பால்கெண்டை ரெண்டு கொண்டாந்தான். தின்னேன். நல்ல மீனு. மறுநாள் அவன் மதகை அரை விரல் கூடுதலாத் தூக்கிட்டேன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அன்னிக்கு அவனைப் பார்த்தா நல்லவனாத் தோணிச்சு, கை தானாப் போயிடுச்சு. முப்பத்திரண்டாம் வயல்ல, புருஷன் இல்லாதவ வயல், ஒரு மூலை மஞ்சளாச்சு. பூச்சின்னு நினைச்சு மருந்தடிச்சா. பூச்சி இல்லை, நான். நீர்க்கட்டியா இருந்த முப்பது வருஷத்துல ஒருத்தரும் எனக்கு மீன் கொண்டாந்ததில்லை. நாப்பது நாள் தலைவரா இருந்ததுக்குக் கொண்டாந்தாங்க. எனக்கு அந்த வேலை வேண்டாம். விலகிக்கட்டுமா?"

கூட்டத்தில் ஒரு பெண் முந்தானை மாதிரி ஏப்ரனை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டாள். எனக்கோ நாற்று ஞாபகம் வந்துவிட்டதே! சாம்பிராணித் தொட்டியின் படியில் ஏறி நின்று கத்தினேன்:

"சாமியே உத்தியோகம்தானே பார்க்கிறாரு! பேரே நீரதிகாரி! அவருக்கு இல்லாத கூச்சம் உங்களுக்கு என்ன அண்ணே?"

கூட்டம் சிரித்தது. அவர் திரும்பிப் பார்த்தார்.

"அவரு மரம், மெய்-ஹுய். மீனை வெச்சா பார்த்துக்கிட்டு இருப்பாரு. நான் தின்னுடுவேன்."

கட்டைகளைப் போட்டார். இரண்டும் மல்லாந்து விழுந்தன. சாமி சிரித்தார். இன்னொரு தடவை போட்டார், மறுபடி சிரித்தார். மூன்றாவது தடவையும் அதே! கூச்சல் கூரையைப் பிய்த்துக்கொண்டு போயிற்று. சரி என்றும் இல்லை, கூடாது என்றும் இல்லை. கோயில் பார்க்கிற பெரியவர் கட்டைகளைக் குனிந்து முகர்ந்தே பார்த்துவிட்டார். "சாமி இதுல தலையிட மாட்டேங்கிறாரு. நீங்களே பார்த்துக்குங்க" என்றார்.

"ஆளுக்கும் இஷ்டமில்லை, சாமிக்கும் இஷ்டமில்லை. எல்லாரும் வீட்டுக்குப் போங்கப்பா" என்று குவோ-டுங் தூணிலிருந்து நிமிர்ந்தார்.

எனக்கு அழுகை அழுகையாக வந்தது. "அப்ப எங்க தண்ணி? உங்க மனசு சுத்தமா இருக்கணும்னு எங்க வயல் காயணுமா?" என்று ஷுய்-மூவைப் பார்த்தே கேட்டேன்.

அவருக்கு அது சுருக்கென்று தைத்தது, பார்த்தாலே தெரிந்தது. பிறகு எழுந்து என் படியருகில் வந்தார்.

"நீ கேட்டது நியாயம். காலையில நீங்க என்கிட்ட கேட்க மறந்ததை இப்ப நான் உன்கிட்ட கேட்கிறேன். நீ நிக்கிறியா?"

"நானா? பணியாரம் சுடறவளா? அண்ணே, நான் மீன் மட்டுமில்லை, வாத்து வறுவல் கொடுத்தாலும் தின்பேன்!"

"தின்னு. மதகு உன் கையில இல்லை, என் கையில இருக்கு. முத்திரை என் கையில வேண்டாம். ரெண்டையும் ஒரே ஆள்கிட்ட கொடுத்தா அந்த ஆள் கெடறது அவனுக்கே தெரியாது. அன்னிக்கு எனக்குத் தெரியலையே, பட்டுத்தானே சொல்றேன்."

யார் முதலில் கை தட்டியது என்று ஞாபகமில்லை. அடுத்த நிமிஷம் என்னை ஸ்கூட்டரில் தூக்கி வைத்துவிட்டார்கள். பாதி வழியில்தான் என் முத்திரை மாவுப் பானைக்குப் பின்னால் இருப்பது நினைவுக்கு வந்தது, திரும்பி ஓடினோம். அலுவலகம் மூட இருபது நிமிஷம் இருக்கும்போது மனு உள்ளே போயிற்று. ஏப்ரனைக்கூட நான் அவிழ்க்கவில்லை.

முப்பத்தேழு ஓட்டில் ஜெயித்தேன். எனக்கே நம்பிக்கை வரவில்லை! தொழிற்பேட்டைக் கடிதம் வந்தபோது கோயில் முற்றத்தில் ஒலிபெருக்கியில் வரி விடாமல் படித்தேன். சம்மதமென்றால் கையைத் தூக்கச் சொன்னேன், ஒரு கையும் எழவில்லை. முத்திரை வைக்காமல் அப்படியே திருப்பி அனுப்பினேன். அந்த வாரம் கடையில் எல்லாரும் எனக்கு முதலில் வணக்கம் சொன்னார்கள். சும்மா சொல்லக் கூடாது, நன்றாகத்தான் இருந்தது.

வசந்த நடவுக்கு முதல் தண்ணீர் விடுகிற நாளும் வந்தது. காலையில் ஷுய்-மூ தட்டில் நான் இரண்டு முட்டை வைத்தேன். அவர் ஒன்றைத் தனியே ஒதுக்கி வைத்துவிட்டு, மிச்சத்தைச் சாப்பிட்டு எழுந்து போனார். நான் கடையைக் கணவரிடம் விட்டுவிட்டு, புது ரப்பர் பூட்ஸ் மாட்டிக்கொண்டு கடைமடைக்கு ஓடினேன். தலைவர் வயலாயிற்றே, இந்தத் தடவை கொஞ்சம் முன்னாலேயே வந்திருக்குமோ என்று ஒரு நப்பாசை. மறைப்பானேன்?

வரவில்லை. எண்பத்தைந்து வயலும் நனைந்து கிடந்தன. எங்கள் முறை வரவில்லை, பலகை இறங்கியே இருந்தது. எத்தனையோ வருஷமாக ஈரமாகவே இருந்த எங்கள் மூலை அன்று காய்ந்து வெடித்துக் கிடந்தது. ஒரு சொட்டுக் கசிவு இல்லை. குனிந்து பார்த்தேன். கணுவோட்டைக்குள் உருண்டையாக ஏதோ இறுக்கி அடித்திருந்தது. என் பக்கம் பார்த்த முனையில், மையே தொடாத அழகான எழுத்தில், தூ ஷுய்-மூ.

நிமிர்ந்தேன். அவர் அந்தப் பக்கம் நின்றுகொண்டிருந்தார், செருப்பு ஜோடியாக வரப்பில், இடது கால் தண்ணீரில்.

"அண்ணே, இத்தனை வருஷம் விட்டு வெச்சீங்களே..."

"அப்ப நீ தலைவர் இல்லையே" என்றார்.

பலகைக்கு மேலாகக் கையை நீட்டி, என் பக்கம் ஓட்டையைச் சுற்றி விரலால் தடவிப் பார்த்தார். ஈரம் இருந்தது போலிருக்கிறது. கரையிலிருந்து ஒரு கல்லை எடுத்து, முத்திரையின் தலையில் இன்னும் ஒரே ஒரு தட்டுத் தட்டினார்.